ஒரே ஸ்லாட் மெஷின், நான்கு விதப் பங்கு: அமெரிக்க வட்டார கேசினோவில் பணம் போடுவதென்றால் எந்தப் பக்கம்?

லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப்பை, அதாவது பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் சாலையை, ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அமெரிக்கக் கேசினோக்களில் பெரும்பாலானவை விமானம் ஏறி வருகிறவர்களை நம்பி நடப்பவை அல்ல. ஒன்றிரண்டு மணி நேரத்தில் காரில் வந்துசேர்ந்து, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை தலைகாட்டும் உள்ளூர்க்காரர்கள்தான் அவற்றின் வாடிக்கையாளர்கள். இந்த வட்டார கேசினோக்களில் முதலீடு செய்யப் பங்குச்சந்தையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நிலத்தையும் கட்டடத்தையும் சொந்தமாக வைத்து நடத்தும் நிறுவனம் ஒன்று: மோனார்க், ரெட் ராக், பெரும்பகுதி பாய்ட். வாடகைக் கட்டடத்தில் நடத்தும் நிறுவனம் இரண்டாவது: பென், பேலிஸ். அந்த வாடகையை வாங்கும் நிலச் சொத்து நிறுவனம், அதாவது ரீட், மூன்றாவது: ஜி.எல்.பி.ஐ., விச்சி. அடுத்தவர் கேசினோவை நடத்திக் கொடுத்தோ, தன் உரிமத்தை அடுத்தவர் பயன்படுத்த விட்டோ கட்டணம் வாங்குவது நான்காவது. அதற்கென்று தனிப் பங்கு தேடவேண்டாம், பாய்ட் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

நான்கிலும் பணம் புறப்படும் இடம் ஒன்றுதான். மாநில அரசு, நிலச் சொந்தக்காரர், கடன் கொடுத்தவர், பங்குதாரர் என்ற வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

வட்டார கேசினோவின் சூதாட்ட வருமானத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ ஸ்லாட் மெஷின்களில் வருவது சாதாரணம். ஒருவர் ஒரு சுற்றுக்கு 75 சென்ட் கட்டி மணிக்கு 600 சுற்று ஆடினால், கட்டிய மொத்தத் தொகை 450 டாலர். தொழிலில் இதைக் காயின்-இன் என்பார்கள். கையில் கொண்டுவந்தது 100 டாலராக இருக்கலாம். ஜெயித்ததைத் திரும்பத் திரும்பக் கட்டுவதால் தொகை ஏறுகிறது. மெஷின் நிறுத்திக்கொள்ளும் பங்கு, அதாவது ஹோல்டு, 9% என்றால் கேசினோவுக்கு மணிக்கு 40 டாலர் 50 சென்ட்.

பக்கத்து பிளாக்ஜாக் மேசையில் ஒருவர் 25 டாலர் வீதம் மணிக்கு 60 கை ஆடுகிறார் என்று வைப்போம். கேசினோவின் சாதகம் 1.5% என்றால் வரவு 22 டாலர் 50 சென்ட்தான். ஒவ்வொரு தடவையும் கட்டும் தொகை முப்பது மடங்குக்கு மேல் பெரிது, வரவோ பாதியை ஒட்டி. அதிலிருந்து டீலருக்கும் மேற்பார்வையாளருக்கும் சம்பளம் போகவேண்டும். சினிமாவில் கேசினோ என்றால் மேசைகளைக் காட்டுவார்கள்; வட்டார கேசினோவின் கணக்குப் புத்தகத்தில் அவை ஓரத்தில்தான் இருக்கும்.

இப்படிக் கணக்குப்படி வரவேண்டிய வரவுக்குத் தியோ என்று பெயர். உறுப்பினர் அட்டையைச் செருகி ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் சராசரித் தியோ பதிவாகிறது. அதில் ஒரு பங்கை இலவச ஆட்டமாகவும் சாப்பாடாகவும் அறையாகவும் திருப்பிக் கொடுத்து அவரை மறுபடி வரவழைக்கிறார்கள். இந்தத் திருப்பிக் கொடுக்கும் விகிதத்தில்தான் நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம் தெரியும். 25 சதவீதத்தில் வரக்கூடியவருக்கு 40 சதவீதம் கொடுத்தால் கூட்டம் ஏறும், லாபம் இறங்கும். பக்கத்து ஊரில் புதுக் கேசினோ திறந்ததும் பழையவர் முதலில் செய்யும் தப்பு இதுதான். காலாண்டு அறிக்கையில் வருமானம் நிலையாக இருந்தும் மார்ஜின், அதாவது வருமானத்தில் லாபத்தின் சதவீதம், இரண்டு மூன்று புள்ளி சரிந்திருந்தால், அங்கே இலவசப் போட்டி ஆரம்பித்துவிட்டதா என்று சந்தேகப்படுவது நல்லது.

2020 மார்ச்சில் மூடிய கேசினோக்கள் மறுபடி திறந்தபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. நஷ்டத்தில் ஓடிய பஃபேக்கள் பல திறக்கவே இல்லை. குறைவாக ஆடுகிறவர்களுக்குப் போன சலுகைத் தபால்கள் நின்றன. வருமானம் பழைய நிலைக்கு வருவதற்கு முன்பே மார்ஜின் தாண்டிவிட்டது. வாடிக்கையாளர் பஃபேக்காகத்தான் வருகிறார் என்று பல வருடங்களாக நம்பப்பட்டதற்குக் கிடைத்த பதில் அது.

ஹோட்டல் எதற்கு

வட்டார கேசினோ அறை கட்டுவது அறை வாடகைக்காக மட்டும் இல்லை. தூரத்திலிருந்து ஆளை வரவழைக்கவும், வந்தவரை இரவு தங்கவைத்து இரண்டாவது நாளும் ஆடவைக்கவும்தான். சனிக்கிழமை ஓர் அறைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 129 டாலர் கொடுத்துத் தங்கத் தயார். இன்னொருவரின் நாள் தியோ 250 டாலர், அவருக்கு அறை இலவசம். இரண்டாமவருக்குக் கொடுப்பதே சரி: 250-ல் சூதாட்ட வரி 20%, அதாவது 50 போனாலும், இலவச ஆட்டமாக இன்னொரு 25 கொடுத்தாலும், 175 நிற்கிறது. அறையைச் சுத்தம் செய்யும் செலவு இருவருக்கும் ஒன்றுதான். வரி 54% உள்ள மாநிலத்தில் இதே 250-ல் மிஞ்சுவது 90 டாலர். அங்கே 129 கொடுப்பவர் முந்திவிடுவார். ஹோட்டல் கட்டலாமா என்ற கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுவதற்கு இது ஒரு காரணம்.

அறை வருமானத்தை அப்படியே நம்பவும் கூடாது. 2018-ல் அமலுக்கு வந்த கணக்கு விதிப்படி, இலவசமாகக் கொடுத்த அறைக்கும் சாப்பாட்டுக்கும் விற்பனை விலை போட்டு ஹோட்டல் வருமானத்தில் சேர்க்கிறார்கள். அதே தொகையைக் கேசினோ வருமானத்திலிருந்து கழிக்கிறார்கள். அறிக்கையில் ஹோட்டல் பிரிவு பிரமாதமாகத் தெரிந்தால், அதில் கணிசமான பகுதி கேசினோவின் பாக்கெட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

முதல் கை அரசாங்கத்தினுடையது

சூதாட்ட வரி லாபத்தின் மேல் விழுவதில்லை. ஆட்டக்காரர்கள் தோற்ற தொகையின் மேல், வேறு எந்தச் செலவும் கழிப்பதற்கு முன்பே விழுகிறது. நெவாடாவில் உச்ச விகிதம் 6.75%. கொலராடோவில் படிப்படியாக ஏறி 20%. மிசௌரி 21%, லூசியானா படகுக் கேசினோக்கள் 21.5%. பென்சில்வேனியாவில் ஸ்லாட் வருமானத்தில் சுமார் 54% போய்விடுகிறது.

அதிக வரி கெட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பென்சில்வேனியாவில் ஸ்லாட் வருமானம் ஒரு டாலர் குறைந்தால் கேசினோவுக்கு இழப்பு 46 சென்ட். நெவாடாவில் 93 சென்ட். அதிக வரி மாநிலங்களில் உரிமங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருப்பது வழக்கம், போட்டி மட்டுப்படும். உண்மையான ஆபத்து, நீங்கள் பங்கு வாங்கிய பிறகு விகிதம் மாறுவது.

ஒரே கேசினோ, மூன்று பங்குதாரர்

ஒரு கற்பனைக் கேசினோவை எடுத்துக்கொள்வோம். 1,500 மெஷின், ஒவ்வொன்றும் நாளுக்கு 230 டாலர் ஈட்டுகிறது. வருடத்துக்கு சுமார் 12.6 கோடி டாலர். மேசைகளில் 2.5 கோடி, ஹோட்டல், சாப்பாடு மற்றதெல்லாம் 2.9 கோடி. ஆக 18 கோடி. சூதாட்ட வரி, சம்பளம், சலுகை எல்லாம் போய், வாடகைக்கும் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் 30%, அதாவது 5.4 கோடி. தொழிலில் இதை எபிட்டார் என்பார்கள். அதிலிருந்து வாடகையைக் கழித்தால் எபிட்டா. வாடகைக் கட்டடம் என்றால் வாடகை 2.7 கோடி, எபிட்டாரில் சரிபாதி. மெஷின் மாற்ற, கம்பளம் மாற்ற, கூரை பழுதுபார்க்க வருமானத்தில் 4%, அதாவது 72 லட்சம்.

சொந்தக்காரரிடம் நிற்பது 4.68 கோடி. வாடகைக்கு நடத்துபவரிடம் 1.98 கோடி. ரீட்டுக்கு 2.7 கோடி.

இப்போது வருமானம் 10% சரிகிறது. 1.8 கோடி போனால் வரியும் கொஞ்சம் சம்பளமும் சேர்ந்து குறையும். பாதி இழப்பு லாபத்தில் விழுகிறது என்று வைப்போம். எபிட்டார் 4.5 கோடியாகிறது. சொந்தக்காரரிடம் 3.78 கோடி மிஞ்சும், 19% இறக்கம். வாடகைக்காரரிடம் 1.08 கோடி, 45% இறக்கம். ரீட்டுக்கு அதே 2.7 கோடி. ஏறும்போதும் இதே கணக்குதான் தலைகீழாக: வருமானம் 10% கூடினால் வாடகைக்காரரின் மிச்சம் 45% கூடும். இன்னும் வங்கிக் கடனின் வட்டியைக் கழிக்கவே இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

எபிட்டாருக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம் 2.0-லிருந்து 1.67-க்கு இறங்கியதையும் கவனியுங்கள். ஜி.எல்.பி.ஐ.யின் சில முக்கியக் குத்தகைகளில், இந்த வகை விகிதம் 1.8-க்கு மேல் இருந்தால்தான் வருடத்துக்கு 2% வரையிலான வாடகை உயர்வு கிடைக்கும். ஆக ரீட் முழுக்கப் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. முதலில் அதன் வளர்ச்சி நிற்கும். வாடகை தடுமாறுவது அதற்கு வெகுநேரம் கழித்து.

சொந்தக் கட்டடம்

வாடகை இல்லாததால் மோசமான வருடத்தைத் தாங்கும் தெம்பு இவர்களுக்கு அதிகம். இருக்கும் ஆபத்து, கையில் சேரும் பணத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்பதில். மோனார்க் 2012-ல் கொலராடோவின் பிளாக் ஹாக்கில் ஒரு சிறு கேசினோவை 7.6 கோடி டாலருக்கு வாங்கியது. டென்வரிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம். மாநிலத்தில் மூன்று ஊர்களில் மட்டுமே வர்த்தகக் கேசினோவுக்கு அனுமதி. அந்த அரணை நம்பி 40 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 23 மாடிகளில் சுமார் 500 அறைகளோடு 2020 நவம்பரில் திறந்தார்கள். வேலை தாமதமானது, ஒப்பந்ததாரரோடு வழக்கும் வந்தது. ஆனால் 2021 மே மாதம் மாநிலத்தில் 100 டாலர் பந்தய உச்சவரம்பு நீங்கியது. கட்டடம் சரியான நேரத்தில் தயாராக நின்றது.

இதற்கு எதிர்ப் பக்கம் ரெட் ராக் நிறுவனத்தின் பாம்ஸ். லாஸ் வேகாஸ் உள்ளூர்க்காரர் சந்தையில் கைதேர்ந்த இந்த நிறுவனம், பாம்ஸை 2016-ல் 31.25 கோடிக்கு வாங்கி, இரவு விடுதி, உயர்ரக உணவகம் என்று சுமார் 69 கோடி செலவழித்துப் புதுப்பித்தது. 2021-ல் விற்றது 65 கோடிக்கு. தெரிந்த வாடிக்கையாளரை விட்டுத் தெரியாத வாடிக்கையாளருக்காகக் கட்டினால் சொந்த நிலமும் காப்பாற்றாது. அதே நிறுவனம் 2023 டிசம்பரில் சுமார் 78 கோடி செலவில் திறந்த துராங்கோ நன்றாக ஓடுகிறது. நெவாடாவில் 1997-ல் வந்த சட்டம் குடியிருப்புப் பகுதிகளில் புதுக் கேசினோ மனைகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அனுமதியுள்ள மனையைக் கையில் வைத்திருப்பவருக்கு அதுவே சொத்து. என்றாலும் துராங்கோ தன் நிறுவனத்தின் பக்கத்துக் கேசினோவிலிருந்தும் கொஞ்சம் ஆட்களை இழுத்தது. புதுக் கட்டடத்தின் வருமானத்தைக் கணக்கிடும்போது இந்தக் கழிவைப் போடாமல் விடாதீர்கள்.

வாடகைக் கட்டடம்

பென் நிறுவனம் தன் நிலச் சொத்தைப் பிரித்து 2013 நவம்பரில் ஜி.எல்.பி.ஐ.யை உருவாக்கியதிலிருந்து இந்த முறை பரவியது. கேசினோ நிறுவனம் முழுவதையும் சந்தை எபிட்டாவின் ஏழெட்டு மடங்குக்கு மதிக்கும்போது, வாடகையை மட்டும் தனியாகப் பிரித்தால் ரீட் 12, 13 மடங்கு கொடுக்கும். அந்த வித்தியாசத்தில் கையில் ரொக்கம். இந்தியானாவின் எவன்ஸ்வில் கேசினோ 48 கோடிக்குக் கைமாறியபோது, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஜி.எல்.பி.ஐ. 34 கோடி கொடுத்தது. பேலிஸ் வெறும் 14 கோடியில் கேசினோ நடத்தும் உரிமையைப் பெற்றது. முதல் வருட வாடகை 2.8 கோடி. ஜி.எல்.பி.ஐ.க்கு 8.2% வருவாய், விலை வாடகையைப்போல் 12 மடங்கு.

குத்தகையில் வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் வாடகைக்காரர் தலையில். வருமானத்தில் குறைந்தது 1% கட்டடத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகளும் இருக்கும். பல கேசினோக்கள் ஒரே தாய்க் குத்தகையில் கட்டப்பட்டிருந்தால், நஷ்டத்தில் ஓடும் ஒன்றை மட்டும் கழற்றிவிட முடியாது.

அறிக்கையைப் படிக்கும்போது சறுக்கும் இடம் இங்கேதான். சில குத்தகைகள் கணக்கு விதிப்படி கடனாகக் கருதப்படுகின்றன. வாடகை செலவுப் பட்டியலில் வராமல் வட்டியாக வரும். சீசர்ஸ் நிறுவனம் விச்சிக்குக் கட்டும் வாடகை அப்படிப்பட்டது. அதனால் அதன் எபிட்டாவில் அந்த வாடகை கழிக்கப்பட்டிருக்காது. பாய்டோ எபிட்டாரைச் சொல்லி, தாய்க் குத்தகை வாடகையைத் தனியாகக் கழித்துக் காட்டுகிறது. இரண்டு எபிட்டாவையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்த்தால் தப்பான விடை கிடைக்கும். ரொக்க வாடகையைக் குறிப்புகளிலிருந்து தேடி எடுத்து, அதையும் ஒரு கடனாகப் பார்க்க எட்டால் பெருக்கி, மற்றக் கடனோடு கூட்டுங்கள். நம் கற்பனைக் கேசினோவில் 21.6 கோடி; எபிட்டாரைப்போல் நான்கு மடங்கு, வங்கியில் ஒரு டாலர்கூட வாங்காமலே.

ரீட்

வரிச் சலுகைக்காக, வரிக்குட்பட்ட வருமானத்தில் 90 சதவீதத்தை ரீட் டிவிடெண்டாகக் கொடுத்தாகவேண்டும். அதனால் வளர்ச்சிக்கு வெளியிலிருந்து பணம் திரட்டவேண்டும். வட்டி விகிதம் ஏறினால் பங்கு விலையும் புது வாங்கல்களும் சேர்ந்து அடிபடும். 2020-ல் கேசினோக்கள் பூட்டிக் கிடந்தபோது வாடகை வந்ததா? வந்தது, ஆனால் எல்லாமே ரொக்கம் இல்லை. பென் தன் டிராபிக்கானா லாஸ் வேகாஸின் நிலச் சொத்தை ஜி.எல்.பி.ஐ.க்குக் கொடுத்து, 30.75 கோடி டாலர் வாடகையை அதில் நேர்செய்துகொண்டது. விச்சியில் இன்னொரு விஷயம்: அதன் வாடகையில் பெரும் பங்கு லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப்பிலிருந்து வருகிறது. வட்டார வாடகைதான் வேண்டும் என்றால் ஜி.எல்.பி.ஐ. நெருக்கமானது, ஆனால் அதன் பெரிய வாடகைக்காரர் பென்.

கட்டணம் மட்டும்

பழங்குடியினரின் கேசினோவை நடத்திக் கொடுக்கும் ஒப்பந்தங்களை 1988-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது: கட்டணம் நிகர வருமானத்தில் 30% வரை, சிறப்பு நேர்வில் 40%; காலம் 5 வருடம், அதிகபட்சம் 7. கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ அருகே 2022 ஆகஸ்டில் திறந்த ஸ்கை ரிவரை பாய்ட் இப்படித்தான் நடத்துகிறது. கிடைப்பதில் பெரும்பாலும் லாபம்தான், ஆனால் காலாவதித் தேதி உண்டு. இந்த வருமானத்துக்குச் சொந்தக் கேசினோவின் மடங்கைப் போட்டு மதிப்பிடுவது தவறு. மிச்சமிருக்கும் வருடங்களை எண்ணி மதிப்பிடவேண்டும்.

ஆன்லைன் பந்தயத்திலும் இதே தேர்வு வந்தது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியதும், பாய்ட் தன் மாநில உரிமங்களை ஃபேன்டூயல் என்ற ஆன்லைன் பந்தய நிறுவனத்துக்குத் திறந்துவிட்டு, கட்டணத்தோடு 5% பங்கையும் வாங்கிக்கொண்டது. 2025 ஜூலையில் அந்த 5% சுமார் 175 கோடி டாலருக்குப் போனது. பென் தானே நடத்த முயன்றது. பார்ஸ்டூல் என்ற விளையாட்டு ஊடக நிறுவனத்தை இரண்டு தவணைகளில் சுமார் 55 கோடி கொடுத்து வாங்கி, 2023 ஆகஸ்டில் ஒரு டாலருக்குத் திருப்பிக் கொடுத்தது; அடுத்து பத்து வருடத்தில் 150 கோடி ரொக்கம் என்று விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என்.னோடு போட்ட ஒப்பந்தமும் 2025 இறுதியில் முடிந்துபோனது. ஸ்லாட் மெஷின் நடத்தும் திறமை விளம்பரப் போட்டிக்குக் கைகொடுக்கவில்லை.

எதை, எந்த விலையில்

டிவிடெண்ட் முக்கியம், தூக்கம் கெடக் கூடாது என்பவருக்கு ரீட். ஆனால் அரசுக் கடன்பத்திர வட்டியைவிட டிவிடெண்ட் எத்தனை புள்ளி கூடுதல் என்று பார்த்த பிறகே. இடைவெளி ஒரு புள்ளிக்கும் கீழே என்றால் கடன்பத்திரமே போதும். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு, கடன் குறைந்த சொந்தக் கட்டட நிறுவனம் என் முதல் தேர்வு. அதிலும் சந்தையைப் பார்க்கவேண்டும். பென்சில்வேனியாவில் 2006 நவம்பரில் கேசினோ திறக்க ஆரம்பித்தபோது பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக் கேசினோக்களின் வருட வருமானம் 520 கோடி டாலர். 2014-ல் சுமார் 270 கோடி, அந்த ஒரே வருடத்தில் நான்கு கேசினோக்கள் மூடின. சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம் என்ற வேறுபாடெல்லாம் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு கேசினோவையும் சுற்றி இரண்டு மணி நேரப் பயண வட்டம் போட்டு, அதற்குள் உரிமம் கேட்டு நிற்பவர் யார் என்று பார்ப்பது எந்த மடங்குக் கணக்கைவிடவும் பயனுள்ள வேலை.

வாடகைக்கார நிறுவனத்தின் பங்கு குறுகிய காலத்துக்கு உரியது. வேலைவாய்ப்பு நன்றாக இருந்து, எபிட்டாருக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம் 2-க்கு மேல் நின்று, பெரிய கட்டுமானம் எதுவும் கையில் இல்லாதபோது வாங்கலாம், விகிதம் 1.8-ஐ நெருங்கும் காலாண்டில் காரணம் கேட்காமல் வெளியேறலாம்.